பெரட்டுக்களத்தில் கூப்பிட்ட பேர்கள்

தெல்வத்தைத் தோட்டம், மேற்பிரிவு,
கஹவத்தை.
02.02.2025

கிருஷ்ணராஜுக்கு,

சுகம் விசாரிக்க இதை எழுதவில்லை. உன் நம்பரை நான் அடைத்துவிட்டதாக உன் பெண்டாட்டி ஷாமிளாவிடம் குறை சொன்னாயாம். ஆமாம், அடைத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை நீ எம்பிலிப்பிட்டியவிலிருந்து பஸ் ஏறி வந்து வாசலில் நின்றபோது கதவைத் திறக்காததும் வேண்டுமென்றுதான். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. உன் மேல்தான். இனி என்னிடம் சொல்ல வேண்டியதை எழுதி, கீழே கையெழுத்துப் போட்டுத் தபாலில் அனுப்பு. நீ வாயால் சொன்னதை நம்பித்தான் இருபத்திரண்டு குடும்பம் நடுத்தெருவில் நிற்கப் போகிறது.

நடந்தது உனக்குத் தெரியும். இருந்தாலும் சொல்கிறேன், கேள். ஜனவரி இருபத்தோராம் திகதி காலை ஆறரைக்கு வழக்கம்போல வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்களத்தில் நின்றோம். உன் திட்ட ஆபீஸ் வேன் வந்தது. இஸ்திரி போட்ட சட்டையோடு நீ இறங்கினாய். "தண்ணித் திட்டத்துக்குப் பேர் பதியிறோம். கூப்பிட்டதும் வந்து கையெழுத்துப் போடுங்க" என்றாய். நீ வாசித்தாய், நாங்கள் "இருக்கேங்க" என்றோம், போட்டோம். வீட்டுக்கு வீடு குழாய் வரப்போகிறது என்று அன்றைக்கு மலையில் ரப்பர் பால் வெட்டும்போதெல்லாம் அதே பேச்சு.

போன கிழமை கூரைக்குத் தகடு வாங்கக் கஹவத்தையில் ஜஸீல் நானா கடைக்குப் போனேன். கிராம சேவகர் ஆபீஸ் பலகையில் சிங்களத்தில் ஒரு அறிவித்தலும், அதன் கீழே நம் கையெழுத்துப் பட்டியலும் ஒட்டியிருந்ததை நம் லயத்துத் தினேஷ் படம் பிடித்துக் கொடுத்திருந்தான். அதை நானாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு மெதுவாக வாசித்துவிட்டு, "கோகிலா புள்ள, இப்ப தகடு வாங்க வாணாம்" என்றார்.

"ஏன் நானா, விலை ஏறிருச்சா?"

"விலை இல்ல புள்ள. ஒங்கட காணிகள டேங்க் கட்ட எடுக்கப் போறதா எழுதி ஈக்கி. அதுக்கு ஆட்சேபனை இல்லேண்டு நீங்க எல்லாரும் ஒப்பம் வெச்சும் ஈக்கி."

வியாபாரி ஒருவர் வந்த வாடிக்கையாளரைச் சாமான் வாங்காதே என்று திருப்பி அனுப்புகிறார். அவருக்கு இருந்த நெஞ்சு என் கூடப் பிறந்தவனுக்கு இல்லை.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன் நம் பேரில் பத்துப் பேர்ச் காணிக்கு, சொந்தம் என்று ஒப்பு எழுதிக் கொடுத்தார்கள். அதுவரை அப்பா, தாத்தா, அவருக்கு அப்பா எல்லாரும் கம்பனி கட்டிய லயத்துக் காம்பராவில், ஒற்றை அறையில் செத்தவர்கள். சுவரில் ஒரு ஆணி அடிக்கத் தோட்டத் துரையிடம் கேட்க வேண்டும். வீடு கட்டி முடிந்த அன்று நான் செய்த முதல் வேலை, நாலு இன்ச் ஆணி ஒன்றை முன் சுவரில் அடித்தது. எதையும் மாட்டுவதற்கு இல்லை. அடிக்கலாம் என்பதற்காக அடித்தேன். நீ பக்கத்தில் நின்று சிரித்தாய், ஞாபகம் இருக்கிறதா?

ஒரே ஒரு கேள்வி. அந்தத் தாளின் தலைப்பில் என்ன எழுதியிருந்தது என்று அன்று காலை உனக்குத் தெரியுமா, தெரியாதா? அதற்கு மட்டும் பதில் எழுது.

கோகிலா


எம்பிலிப்பிட்டிய.
09.02.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. கோபத்தில் எழுதியிருக்கிறீர்கள் என்பதால் நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

முதலில் சில விஷயங்களை நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். பொதுத் தேவை ஒன்றுக்குத் தனியார் காணியைச் சுவீகரிக்க அரசாங்கத்துக்குச் சட்டத்தில் அதிகாரம் உண்டு. இது நமக்கு எதிராக மட்டும் கொண்டுவந்த சட்டம் அல்ல. கீழே கிராமத்திலும் ஏழு சிங்களக் குடும்பங்களின் தோட்டங்கள் குழாய்ப் பாதைக்குப் போகின்றன. டவுனில் வெயில் காலத்தில் பவுசர் வண்டி வந்தால்தான் தண்ணீர். ஆஸ்பத்திரியிலும் அதே நிலைமை. உங்கள் சரிவுக்குப் பக்கத்தில் வற்றாத ஓடை இருக்கிறது, உயரமும் சரியாக இருக்கிறது என்று என்ஜினியர்மார் அறிக்கை கொடுத்திருக்கிறார்கள். அதைத் தீர்மானிப்பது என்னைப் போன்ற ஒப்பந்த ஊழியன் அல்ல.

பாதிக்கப்படும் தரப்பினருக்கு நட்டஈடு வழங்கப்படும். மாற்றுக் காணி பற்றியும் பரிசீலிக்கப்படும். ஆட்சேபனை உள்ளவர்கள் மார்ச் பதினான்காம் திகதி பெரட்டுக்களத்தில் நடக்கும் விசாரணையில் எழுத்து மூலம் தெரிவிக்கலாம். ஆனால், ஏற்கெனவே ஆட்சேபனை இல்லை என்று பதிவாகியிருப்பதால் அதை மாற்றுவது கஷ்டம் என்று மேலிடத்தில் சொல்கிறார்கள்.

என் வேலை அன்று பேர்களை வாசிப்பது. வாசித்தேன். தமிழ் தெரிந்தவன் என்றுதான் என்னைக் கூட்டிப் போனார்கள். ஏப்ரலில் என்னை நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் ஊரைக் கூட்டிக் கத்தினால் எனக்கு என்ன ஆகும் என்பதையும் கொஞ்சம் யோசியுங்கள்.

தகட்டை வாங்காமல் விட்டது நல்லது.

இப்படிக்கு,
கிருஷ்ணராஜ்


மேற்பிரிவு.
13.02.2025

பெரிய உத்தியோகத்தர் அவர்களுக்கு,

"பாதிக்கப்படும் தரப்பினர்" எழுதுகிறேன். உன் கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன். நான் கேட்ட ஒரு கேள்விக்கு அதில் பதில் இல்லை. தகட்டை வாங்காதது நல்லது என்று எழுத உன் கை கூசவில்லையா? எழுதும்போது பேனா நின்றிருக்க வேண்டாமா?

சரி, பொதுத் தேவை என்கிறாய். திங்கட்கிழமை பின்னேரம் தினேஷும் நானும் கஹவத்தைக்குப் போய் உங்கள் திட்டப் படத்தைப் பார்த்தோம். டேங்க் நம் வீட்டின் மேல். குழாய் அங்கிருந்து இறங்கி, நம் லயத்துக்கு முன்னால் போய், பெரட்டுக்களத்தைத் தாண்டி, டவுனுக்குப் போகிறது. லயத்துக்கு ஒரு பைப் உண்டா என்று அங்கிருந்த பெடியனிடம் தினேஷ் சிங்களத்தில் கேட்டான். தோட்டத்துக்குத் தண்ணீர் கொடுப்பது கம்பனியின் பொறுப்பு, திட்டத்தில் சேராது என்றானாம். அப்படியானால் பொது என்றால் யார்? எங்களை விட்டுவிட்டு மற்ற எல்லாருமா? நாங்கள் வீட்டைக் கொடுக்க வேண்டும், எங்கள் முற்றத்தின் மேல் ஓடும் தண்ணீரை நாங்கள் குடிக்கக் கூடாது.

டவுன் ஆஸ்பத்திரிக்குத் தண்ணீர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நம் பிள்ளைகளும் அங்கேதான் பிறந்தார்கள். நம் சரிவுக்கு மேலேயே நாற்பது ஏக்கர் கிழட்டு ரப்பர் காடாகிக் கிடக்கிறது. பத்து வருஷமாக அதில் கத்தி படவில்லை. பன்றியும் பாம்பும்தான் குடியிருக்கின்றன. அதே ஓடை, அதே உயரம். அதை ஏன் எடுக்கவில்லை என்று கேள். கம்பனியின் குத்தகைக் காணி அது. தொட்டால் லோயர் வருவார், வழக்கு வரும். எங்களைத் தொட்டால் யார் வருவார்? எங்களிலிருந்து படித்துப் போன ஒருவனைப் பிடித்துப் பேர் வாசிக்கச் சொன்னால் வேலை முடிந்தது.

பெரட்டில் பேர் கூப்பிட்டால் எங்களுக்கு யோசனை வராது. அது உனக்குத் தெரியும், அந்தக் களத்தில் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நீ. கூப்பிட்டு வாய் திறக்காவிட்டால் அன்றைக்குப் பேர் விழாது, சம்பளம் இல்லை. அதனால் என்ன, ஏது என்று கேட்பதற்கு முன் "இருக்கேங்க" வந்துவிடும். உன் ஆபீஸ் பெரிய அதிகாரி மாத்தயாவுக்கு இது தெரிய நியாயம் இல்லை. பின்னேரம் வீடு வீடாக வராமல், ஒரு கூட்டம் போடாமல், சரியாகக் காலை ஆறரைக்குப் பெரட்டுக்களத்துக்கு வரச் சொல்லிக் கொடுத்தது யார், கிருஷ்ணராஜ்?

இந்த இரண்டாவது கேள்வியையும் சேர்த்துக்கொள்.

கோகிலா


எம்பிலிப்பிட்டிய.
20.02.2025

அக்கா,

போதும். எனக்கும் வாய் இருக்கிறது.

என்னை ஆபீஸ் உத்தியோகத்துக்கு அனுப்ப ஆசைப்பட்டது நீங்கள். "என் தம்பி பால் வாளி தூக்க மாட்டான்" என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தது நீங்கள். ஆபீஸ் என்றால் என்ன என்று நினைத்தீர்கள்? மேலே இருப்பவன் சொல்வதைக் கீழே இருப்பவன் செய்வதுதான். வாளிக்குப் பதில் கையில் ஃபைல், அவ்வளவுதான் வித்தியாசம். அதை உங்களிடம் எப்படிச் சொல்வது?

பெரட்டுக்கு வரச் சொன்னது நான்தான். "எல்லாரும் ஒரே இடத்தில் எப்போது இருப்பார்கள்?" என்று கேட்டார்கள். சொன்னேன். அது குற்றமா?

இன்னொன்றையும் சொல்கிறேன். நீங்கள் எழுதாமல் விட்டதை நான் எழுதுகிறேன். அன்று முதல் பேர் உங்களுடையது. கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேசாமல் போனீர்களா? மேசைக்குப் பக்கத்தில் நின்று, "என் தம்பிதான் வாசிக்கிறான், பயப்படாம போடுங்க" என்று ஆளாளைத் தள்ளிவிட்டது யார்? இரண்டு மூன்று பேர் என்ன தாள் இது என்று கேட்டார்கள். அவர்களை வாயடைத்தது நான் இல்லை, அக்கா.

அதோடு ஏழாவது பேர், அயல் வீட்டுக் கந்தையா அண்ணன். அவர் இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் கிடந்தார். நான் கூப்பிட்டேன். "இருக்காருங்க" என்று சொன்னது யார்? பேனாவை வாங்கி அவர் பேருக்கு நேரே கையெழுத்துப் போட்டது யார்? நான் பார்த்தேன். பார்த்துவிட்டு எட்டாவது பேரை வாசித்தேன். ஆளுக்கு ஆள் பேர் கொடுப்பது நம் வழக்கம், அண்ணனுக்கு ஒன்றும் இழப்பு வரக்கூடாது என்று நினைத்துச் செய்கிறீர்கள் என்று விட்டுவிட்டேன். நான் துரோகி என்றால் நீங்கள் யார்?

கிருஷ்ணராஜ்


மேற்பிரிவு.
23.02.2025

தம்பி,

உன் கடிதம் வந்து இரண்டு நாள் ஆகிறது. நீ எழுதியது அத்தனையும் உண்மை. தள்ளிவிட்டது நான்தான். அந்தச் சட்டையைப் பார்த்து எனக்குத் தலை கிறுகிறுத்துவிட்டது. என் தம்பி வேனிலிருந்து இறங்குகிறான் என்ற பெருமையில் இருபத்தொரு வீட்டுக்காரரின் கண்ணைக் கட்டினேன். உன்னைத் திட்டிய ஒவ்வொரு வரியிலும் எனக்கும் சேர்த்துத்தான் திட்டியிருக்கிறேன் போல. இப்போதுதான் அது தெரிகிறது.

கந்தையா அண்ணனுக்குப் போட்டதும் நான்தான். காய்ச்சல்காரனுக்கும் பிள்ளைப் பெற்றவளுக்கும் பக்கத்தில் நிற்பவள் பேர் கொடுப்பது எத்தனை வருஷப் பழக்கம். பேர் எழுதும் கணக்கப்பிள்ளையும் கண்டும் காணாமல் விடுவார். அந்தப் பழக்கத்தில் கை போய்விட்டது.

ஆனால் நீ கோபத்தில் எழுதிய அந்த ஏழாவது பேர் என்னைத் தூங்கவிடவில்லை. அண்ணன் செத்ததும் அதே நாள்தானே, எத்தனை மணிக்கு? விடிந்ததும் அவர் பெண்டாட்டி வெள்ளையம்மா அக்கா வீட்டுக்குப் போனேன். அண்ணனின் மரணச் சான்றிதழைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். ஜனவரி இருபத்தோராம் திகதி, காலை நாலு பத்து. செய்தி நமக்கு வந்தது பத்து மணிக்கு, பால் நிறுக்கிற இடத்தில். நீ பேர் கூப்பிட்டது ஆறரைக்கு. செத்து இரண்டு மணி நேரத்துக்கு மேலான மனிதன், தன் காணியைக் கொடுப்பதில் ஆட்சேபனை இல்லை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறான்.

வெள்ளையம்மா அக்காவின் காலடியில் உட்கார்ந்து நான் செய்ததைச் சொன்னேன். அடிப்பாள் என்று நினைத்தேன். சான்றிதழை என் கையிலிருந்து வாங்கி மடித்தாள். பிறகு, "ஏன்டி, செத்தும் அந்த மனுசன பெரட்டுக்கு இழுத்தீங்களா?" என்று கேட்டாள். அந்த வார்த்தை என்னை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

ஜஸீல் நானாவிடம் கேட்டேன். ஒரு கையெழுத்துப் பொய் என்று நிரூபித்தால் பட்டியல் முழுவதும் சந்தேகத்துக்கு வரும் என்கிறார். ஆனால் போட்டவளைப் பொலிஸ் பிடிக்கலாம், வாசித்தவனுக்கு வேலை போகலாம் என்றும் சொன்னார். நான் விசாரணையில் எழுந்து சொல்லத்தான் போகிறேன். என் வாக்குமூலத்தை எழுதி முடித்துவிட்டேன்.

ஆனால் நான் மட்டும் சொன்னால் போதாது. தோட்டத்துப் பொம்பளை காணி ஆசையில் கதை கட்டுகிறாள் என்பார்கள். அன்று நீ பார்த்ததை எழுதிக் கொடு. தலைப்பில் என்ன இருந்தது என்பதையும் எழுது. மூன்றாவது தடவையாகக் கேட்கிறேன்.

எழுத முடியாது என்றால் வெறும் தாளை அனுப்பு. புரிந்துகொள்வேன். அதன் பிறகு நீ வந்து நிற்க இங்கே வாசலும் இருக்காது.

அக்கா


எம்பிலிப்பிட்டிய.
05.03.2025

அக்கா,

வெறும் தாளைத்தான் முதலில் கவரில் போட்டேன். ஒட்டியும்விட்டேன். ஷாமிளா அதைப் பார்த்துவிட்டாள். முன்பு ஒருமுறை அவள் வயிற்றில் பிள்ளை கலைந்தபோது பதினொரு நாள் உங்கள் வீட்டில்தான் வைத்துப் பார்த்தீர்கள். "அக்கா கதவ தொறக்காததுக்கே அப்புடி அழுதீங்க. கதவே இல்லாமப் போனா என்ன செய்வீங்க?" என்று மட்டும் கேட்டுவிட்டுச் சமையலுக்குப் போய்விட்டாள். கவரைக் கிழித்தேன்.

உங்கள் கேள்விக்குப் பதில். தெரியும்.

தலைப்பில், "கீழ்க்காணும் காணிகளைச் சுவீகரிப்பதில் எமக்கு ஆட்சேபனை இல்லை" என்று சிங்களத்தில் தடித்த எழுத்தில் இருந்தது. பெரிய மாத்தயாவோடு வேனில் வரும்போதே வாசித்தேன். "இதைத் தமிழில் சொல்லவா, சேர்?" என்று கேட்டேன். "நம விதரக் கியவன்ன" என்றார். பேரை மட்டும் வாசி. பேரை மட்டும் வாசித்தேன். தண்ணித் திட்டத்துக்குப் பேர் பதிகிறோம் என்று நான் சொன்னது அவர் சொல்லச் சொன்னதும் இல்லை. நீங்கள் எல்லாரும் என்ன என்று கேட்டுவிடுவீர்களோ என்ற பயத்தில் நானாகச் சொன்னது. அதுதான் என்னைத் தின்கிறது. பொய் என்று யாரும் சொல்ல முடியாது, உண்மையும் இல்லை.

களத்தில் என்னைக் கண்டதும் நீங்கள் சிரித்த சிரிப்புக்கு முன்னால், "அக்கா, போடாதீங்க" என்று இரண்டு வார்த்தை சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. வேலை போய்விடும் என்று பயந்தேன். அவ்வளவுதான். வேறு பெரிய காரணம் ஒன்றும் இல்லை. உங்கள் மேல் கோபப்பட்டது அதை மறைக்க.

இதோடு என் வாக்குமூலம் இருக்கிறது. சிங்களத்தில் ஒன்று, தமிழில் ஒன்று. இரண்டிலும் கையெழுத்தும் அடையாள அட்டை இலக்கமும் போட்டிருக்கிறேன். ஆபீஸிலும் ஒரு பிரதியைக் கொடுத்துவிட்டேன். நாளைக்கு யாரும் நீங்கள் எழுதியது என்று சொல்லக் கூடாது.

விசாரணைக்கு என்னை வரவேண்டாம் என்று உத்தரவு. வந்தாலும் அந்தக் களத்தில் எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியவில்லை.

கிருஷ்ணராஜ்


மேற்பிரிவு.
19.03.2025

தம்பி கிருஷ்ணராஜுக்கு,

பதினான்காம் திகதி நடந்ததை மற்றவர்கள் சொல்லி நீ கேட்டிருப்பாய். என் வாயால் கேட்பது வேறு.

அதே பெரட்டுக்களம். இந்தத் தடவை நாற்காலி போட்டு, மேசைக்குத் துணி விரித்திருந்தார்கள். விசாரணை செய்ய வந்தவர் வேறு ஒரு மாத்தயா. அவருக்குப் பக்கத்தில் பேர் வாசிக்க வேறு ஒரு பெடியன். உன்னைப் போலவே இஸ்திரிச் சட்டை. அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

வந்தவர்களைப் பதிய அவன் பட்டியலை எடுத்தான். முதல் பேர் என்னுடையது. "கோகிலா!" என்றான். நான் பேசவில்லை. மறுபடியும் கூப்பிட்டான். அம்மாடி, ஒரு பேருக்குப் பதில் சொல்லாமல் நிற்பது இவ்வளவு கஷ்டமா? இருபத்தெட்டு வருஷம் இதே இடத்தில் நின்று சொன்ன "இருக்கேங்க" தொண்டை வரை வந்து முட்டுகிறது. பல்லைக் கடித்துக்கொண்டேன். இரண்டாவது பேர், சத்தமில்லை. மூன்றாவது, சத்தமில்லை. முந்திய நாள் கோயிலில் கூடிப் பேசியிருந்தோம், தாளைத் தமிழில் வாசிக்கும்வரை ஒருவரும் வாய் திறப்பதில்லை என்று. கணக்கப்பிள்ளைதான் தாங்க முடியாமல், "என்னாங்கடி, எல்லாம் ஊமையாயிட்டீங்களா?" என்று கத்தினார். அவரையும் யாரும் கவனிக்கவில்லை.

ஏழாவதாக, "கந்தையா!" என்றான்.

வெள்ளையம்மா அக்கா எழுந்தாள். கையில் மரணச் சான்றிதழ். "அவரு வரமாட்டாருங்க. போன தடவையும் அவரு வரல" என்றாள்.

அந்த மாத்தயா சான்றிதழை வாங்கித் திகதியைப் பார்த்தார், நேரத்தைப் பார்த்தார், பட்டியலைப் பார்த்தார். இது யார் போட்ட கையெழுத்து என்று கேட்டார். "நான் போட்டதுங்க" என்று சொல்லி முன்னால் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன், உன்னைப் பெருமையாகக் காட்டி ஆட்களைத் தள்ளியதையும் சேர்த்து. பிறகு உன் வாக்குமூலத்தைக் கொடுத்தேன். அவர் சிங்களத்தில் தனக்குள் வாசித்தார். தமிழ்ப் பிரதியைத் தினேஷ் உரக்க வாசித்தான். "நம விதரக் கியவன்ன" என்ற இடம் வந்தபோது அந்தப் பேர் வாசிக்கிற பெடியன் தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்கும் இந்தத் தடவை அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

பட்டியல் செல்லாது என்று எழுதிக்கொண்டார்கள். தமிழில் புது அறிவித்தல் வரும், ஆட்சேபனை எழுதிக் கொடுக்க ஒரு மாதம் தவணை. இதை வெற்றி என்று தினேஷ் துள்ளுகிறான். எனக்கு அப்படி இல்லை. காணியை எடுக்க மாட்டோம் என்று யாரும் சொல்லவில்லை. மேலே இருக்கிற கம்பனிக் காட்டைப் பற்றிக் கேட்டேன். அது வேறு விஷயம் என்றார். ஏன் வேறு விஷயம் என்று மறுபடியும் கேட்டேன். ஃபைலை மூடினார். பதில் வரும்வரை கேட்பேன். என்னைப் பொலிஸுக்கு வரச் சொல்லிக் கடிதம் வரலாமாம். வரட்டும்.

உன் வேலை போய்விட்டது என்று ஷாமிளா சொன்னாள். அழுதேன். ஆனால் என் கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதே. வேனில் வரும்போதே நீ வாசித்துவிட்டாய் என்பதை நினைத்தால் இப்போதும் உன்னைத் திட்டத்தான் வாய் வருகிறது. அது எப்போது ஆறும் என்று எனக்குத் தெரியாது.

உன் நம்பரை இன்னும் திறக்கவில்லை. போனில் பேச ஒன்றும் இல்லை. பஸ் ஏறி வா. இருபத்திரண்டு வீட்டுக்கும் ஆட்சேபனை எழுத வேண்டும், வீட்டுக்கு ஒன்றாக, தனித்தனியாக. இரண்டு மொழியும் எழுதத் தெரிந்தவன் உன்னை விட்டால் இங்கே இல்லை. பெரட்டுக்களத்தில் வேண்டாம். ஒவ்வொரு வீட்டுக்கும் போய் உட்கார்ந்து, எழுதியதைத் தலைப்பிலிருந்து கடைசி வரி வரை வாசித்துக் காட்டு. முதலில் வெள்ளையம்மா அக்கா வீட்டுக்குப் போ. அவள் என்ன கேட்டாலும் தலை நிமிர்ந்து பதில் சொல்லிவிட்டு எழுது.

என் வீட்டுக்குக் கடைசியாக வா. இந்தத் தடவை நான் கடைசியாகத்தான் கையெழுத்துப் போடுவேன்.

அக்கா